காலை ஆறு மணி மாத்திரை

எங்கள் வீட்டில் கேஸ் மாத்திரையை யாரும் மாத்திரை என்று எண்ணியதில்லை. காய்ச்சலுக்குப் போடுவது மாத்திரை. அத்தை சர்க்கரைக்குப் போடுவது மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் நான் விழுங்கிய அந்தக் கேப்ஸ்யூல் மட்டும் பல் விளக்குவது, தலை வாருவது மாதிரி ஒரு வேலை. திண்டிவனத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்தும் ஒருத்தி இப்படி இருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? நானே இரண்டு மூன்று வருடம் அது மாத்திரை என்று நம்பவில்லை.

என் வீட்டுக்காரர் என்னை 'டீச்சரு' என்றுதான் கூப்பிடுவார். பெண் பார்க்க வளவனூரில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று ஆரம்பித்தது. என்ன பாடம் எடுக்கிறாய் என்று கேட்டார். விலங்கியல் என்றேன். "அப்போ எங்க வூட்டுக்கு சரியான டீச்சருதான்" என்றார். அவருடைய அம்மா அவர் தொடையில் கிள்ளியதை நான் பார்த்துவிட்டேன். அந்த அம்மாதான் என் அத்தை. அன்றைக்கே இந்த ஆளைப் பிடித்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு அவர் வருவார். ஒரு கையில் வெந்நீர் டம்ளர், இன்னொரு கையில் மாத்திரை அட்டை. அட்டையை என்னிடம் தர மாட்டார். அவரே கட்டைவிரலால் அழுத்துவார். 'டப்' என்று ஒரு சத்தம். கேப்ஸ்யூலை என் உள்ளங்கையில் வைத்து, "போட்டுக்கினு ஜல்தியா கெளம்பு டீச்சரு, பஸ்ஸு போயிடும்" என்பார். நான் வீட்டுக்கு மூத்தவள். வளவனூரில் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தே வளர்ந்தவள். எனக்கென்று ஒருவர் டம்ளரோடு வந்து நின்றது கல்யாணத்துக்குப் பிறகுதான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அந்த மாத்திரை எனக்கு இனித்தது.

நெஞ்செரிச்சல் எனக்கு எப்படி வந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பள்ளி விக்கிரவாண்டியைத் தாண்டி இருக்கிறது. ஏழு மணிக்குப் பஸ் ஏற வேண்டும். டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டால் அன்றைக்கு டிபன் டப்பாவைத் திறக்கவே நேரம் இருக்காது. அதோடு கல்யாணமாகி இரண்டு வருடம் கழிந்தும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பதால் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஒருவேளைச் சாப்பாடு. மாதச் சஷ்டியில் அதுவும் கிடையாது. இது அத்தையின் ஏற்பாடு. ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு எனக்குச் சரிசமமாக அவரும் பட்டினி கிடப்பார். "ஒனக்கு வேண்டிக்கினு நான் மட்டும் துன்னுக்கினு இருந்தா சாமி சிரிக்காது?" என்பார். நான் திட்டுவேன், அவர் மயங்கி விழுவார், நான் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பேன். இப்படியே போனது.

ஓர் ஆடி மாதம், அத்தை பிறந்த ஊரான கெடார் பக்கத்து அம்மன் கோயிலில் மண்சோறு சாப்பிட்டேன். குழந்தை வேண்டுபவர்கள் கோயில் தரையைக் கழுவி, அதன் மேலேயே சோறு போடச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வாயால் எடுத்துச் சாப்பிடுவார்கள். படித்தவளாயிற்றே, கூச்சமாக இல்லையா என்று சக ஆசிரியை கேட்டாள். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போது படிப்பு கூட வந்து நிற்பதில்லை. அந்தச் சோற்றில் யார் எவ்வளவு மிளகாய் போட்டார்களோ தெரியாது, மூன்று நாள் வயிறு பற்றி எரிந்தது. பழைய மாத்திரைக்குக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பதறிப்போனார். கடையில் புதிதாக வந்திருந்த இரட்டை மருந்து கேப்ஸ்யூலைக் கொண்டுவந்தார். ஒன்று அமிலத்தைக் குறைக்கும், இன்னொன்று இரைப்பையை முடுக்கிவிடும். மறுநாளே எரிச்சல் நின்றது. "பாத்தியா டீச்சரு, உன் சாமி வெச்ச நெருப்ப நான் அணைச்சிட்டேன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஆறு மணிக்கு அதுதான்.

பிறகு எனக்கு மாதவிலக்கு தள்ளிப்போக ஆரம்பித்தது. முதலில் பத்து நாள். பிறகு ஒரு மாதம். அப்புறம் இரண்டு மாதம், மூன்று மாதம். குழந்தைக்கு ஏங்குகிறவர்களுக்குத்தான் இதன் கொடுமை தெரியும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் நம்பிக்கை ஓரடி வளரும். அவர் கடையிலிருந்து சோதனை அட்டை கொண்டுவருவார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "இன்னா ஆச்சு?" என்பார். ஒற்றைக் கோடு. ஒவ்வொரு முறையும் ஒற்றைக் கோடு. ஒரு கட்டத்துக்குமேல் அவர் கொண்டுவருவதை நிறுத்தினார், நான் கேட்பதை நிறுத்தினேன்.

இந்த இடத்தில் என் வகுப்பறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனித இனப்பெருக்கம் பாடத்தை ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரிதான் தொடங்குவேன். கரும்பலகை நிறைய ஒரு தலையை வரைவேன். பிள்ளைகள் நெளிந்துகொண்டு வேறு ஏதோ வரையப்போகிறேன் என்று காத்திருப்பார்கள். "குழந்தை பெறுகிற வேலை வயிற்றில் ஆரம்பிக்கவில்லை, இங்கே ஆரம்பிக்கிறது" என்று தலையைத் தட்டிக் காட்டுவேன். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ். அதிலிருந்து ஒரு காம்பில் தொங்கும் பட்டாணி மாதிரி பிட்யூட்டரி. ஹைப்போதலாமஸ்தான் நம் பள்ளிக்கூடத்தில் பெல் அடிக்கிற அண்ணன் என்பேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் ஒரு ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக அனுப்ப வேண்டும். விட்டு விட்டு அனுப்ப வேண்டும். கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தாலும் பயன் இல்லை, தூங்கிப்போனாலும் பயன் இல்லை. பெல் சத்தம் கேட்டால்தான் பிட்யூட்டரி தன் பங்குக்கு இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் இறக்கும். அவை சினைப்பைக்குப் போய்ச் சேரும். முட்டை வளரும், வெளியே வரும். பெல் அடிக்கவில்லை என்றால் சினைப்பை எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், எங்க அக்காவுக்குக் கொழந்த பொறந்து எட்டு மாசம் ஆவுது. இன்னும் தூரம் ஆவல. எங்கம்மா பால் குடுக்கறதாலன்னு சொல்றாங்க. நெஜமா டீச்சர்?"

நல்ல கேள்வி என்று அவளைப் பாராட்டினேன். பிட்யூட்டரியிலிருந்து இன்னோர் அம்புக்குறி போட்டு, புரோலாக்டின் என்று எழுதினேன். "இதுதான் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன். இது அதிகமானால் பெல் அடிக்கிற அண்ணன் கையைக் கட்டிக்கொள்வார். மடியில் ஒரு குழந்தை இருக்கிறது, அடுத்ததுக்கு அவசரம் இல்லை என்று மூளை முடிவு பண்ணும்" என்றேன். சாக்பீஸைத் தட்டில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். ஏனென்றால் அந்த நேரத்தில் என் ரவிக்கைக்குள் இரண்டாக மடித்த கைக்குட்டை இருந்தது. அதில் பால் நனைந்திருந்தது.

பெறாத எனக்குப் பால் வந்தது. குளிக்கும்போது முதல் துளியைப் பார்த்தேன். ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. துணி துவைக்கும்போது அத்தை கண்டுபிடித்துவிட்டார். ரவிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. பாலக் குடுத்தவ புள்ளயக் குடுக்க மாட்டாளா? யார்கிட்டயும் வாயத் தொறக்காத. அவங்கிட்டகூட சொல்லாத. வெளிய சொன்னா பலிக்காது" என்றார். நான் தலையாட்டினேன். விலங்கியல் படித்தவள், புரோலாக்டினுக்கு அம்புக்குறி போட்டவள், ஒழுங்காகத் தலையாட்டினேன். எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைப் பார்க்க மனசு வரவில்லை. அம்மன் கொடுத்ததாகவே இருக்கட்டுமே என்று ஓர் ஆசை.

இதற்கிடையில் இரண்டு டாக்டர்களைப் பார்த்தோம். திண்டிவனத்தில் ஒருவர், விழுப்புரத்தில் ஒருவர். மாதவிலக்கு வருவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டால் வரும், நிறுத்தினால் நிற்கும். இருவருமே, "வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும் இல்லை என்று தலையாட்டினார். நாங்கள் பொய் சொல்லவில்லை. சத்தியமாக எங்களுக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. "வேற ஏதாவது தொந்தரவு?" என்றும் கேட்டார்கள். அதற்கும் இல்லை என்றேன். அது மட்டும் பொய்.

மூன்றாவது டாக்டர் விழுப்புரத்தில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த பெண். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். வேறு தொந்தரவு உண்டா என்று கேட்காமலேயே அவர் ரத்தத்தில் புரோலாக்டின் பார்க்கச் சொன்னார். இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு இருந்தது. இன்னொரு முறை பார்த்து உறுதி செய்யலாம், அதன் பிறகு தலையை ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். என் பட்டாணியில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. எத்தனை வருடம் எத்தனை முறை அந்தப் பட்டாணியை வரைந்திருக்கிறேன்! அந்த வாரம் வகுப்பில் தலையை வரையவே கை வரவில்லை. பாடத்தை மாற்றி மரபியல் நடத்தினேன். குழந்தை வேண்டும் என்ற ஏக்கத்தோடு, நான் இருப்பேனா என்ற பயமும் சேர்ந்துகொண்டது. நான் போய்விட்டால் இந்த ஆள் ஆறு மணிக்கு யாருக்கு வெந்நீர் வைப்பார் என்றெல்லாம் கிறுக்குத்தனமாக யோசித்தேன்.

உறுதி செய்த ரிப்போர்ட்டோடு போன அன்று, வெறும் வயிற்றில் வேறு சில ரத்தப் பரிசோதனைகளும் இருந்ததால் விடிந்ததும் கிளம்பிவிட்டோம். ஆறு மணி விஷயம் தவறிப்போனது. பத்தரை மணிக்கு டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் குனிந்து ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். "வேற மாத்திரை எதுவும் இல்லையே?" என்று எழுதிக்கொண்டே கேட்டார். "இல்லீங்க டாக்டர்" என்றேன். பக்கத்தில் 'டப்' என்று ஒரு சத்தம்.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, கேப்ஸ்யூலை அழுத்தி, என் உள்ளங்கையில் வைத்திருந்தார். "டீச்சரு, ரத்தம் குடுத்தாச்சு இல்ல? கீழ போயி டிபன் சாப்புடறதுக்குள்ள இத போட்டுக்கோ. எரியும்" என்று மெதுவாகச் சொல்லி, தண்ணீர் பாட்டில் மூடியையும் திருகிக்கொண்டிருந்தார்.

டாக்டரின் பேனா நின்றது. "அது என்னதுங்க?"

"இதுவா? இது மாத்திர இல்லீங்க. கேஸுக்கு" என்றார் அவர்.

டாக்டர் கையை நீட்டினார். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். ஆடி மண்சோற்றிலிருந்து எண்ணினால் இரண்டரை வருடத்துக்கு மேல்.

"இதுல ரெண்டு மருந்து இருக்குங்க. ஒண்ணு ஆசிட்டுக்கு, அதால பிரச்சினை இல்ல. இன்னொண்ணு வயித்த முடுக்கறதுக்கு. அது மூளையில டோபமினோட வேலையத் தடுக்கும். டோபமின்தான் புரோலாக்டினுக்குப் பிரேக். எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. சிலருக்கு அந்தப் பிரேக்க எடுத்துட்டா..."

"புரோலாக்டின் ஏறும்" என்றேன் நான். "பெல் அடிக்காது."

"பெல்லா?" என்றார் டாக்டர்.

என் மனம் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் போயிருந்தது. மடியில் ஒரு குழந்தை இருக்கிறது என்று மூளை முடிவு பண்ணும் என்று அவளுக்குச் சொன்னேனே. என் மூளையும் அப்படித்தான் நம்பியிருக்கிறது. இரண்டு வருடமாக, இல்லாத ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, அதற்குத் தொந்தரவு வேண்டாம் என்று அடுத்த குழந்தைக்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. அந்த முட்டாள் மூளை மேல் எனக்கு ஒரு கணம் பாசமே வந்துவிட்டது.

ஸ்கேன் சீட்டை டாக்டர் எடுத்து வைத்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்தி, கொஞ்ச நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்போம், இறங்கவில்லை என்றால் அப்போது ஸ்கேன் என்றார். பால் ஏதாவது வருகிறதா என்று கேட்டார். வீட்டுக்காரர் எதிரில் நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் கேட்கும் நிலையிலும் இல்லை. "நாந்தான் குடுத்தேன் டாக்டர்" என்றார், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புக்கொள்பவர் மாதிரி. "தெனமும். என் கையால."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டு உட்கார்ந்தார். எனக்குக் கோபம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், ஆனால் வந்தால் மொத்தமாக வரும். டோல்கேட் வரிசையில் பஸ் நின்றபோது வந்தது. பட்டினி கிடந்தது, மண்ணில் சோறு தின்றது, குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒற்றைக் கோட்டைப் பார்த்தபடி நின்றது எல்லாம் ஒன்றாக வந்தது. பஸ்ஸில் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதுகூடத் தெரியவில்லை.

"ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கற ஆளு! வூட்டுல இருக்கறவளுக்கு இன்னா குடுக்கறோம்னு தெரியல! இனிமே உங்க கையால எனக்கு எதையும் குடுக்காதீங்க."

அவர் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி ஒரு குச்சியாக்கிவிட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கு வெந்நீர் டம்ளர் ஜன்னல் திட்டில் இருந்தது. அவர் இல்லை. நான் கோபத்தில் சொன்னதை அவர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். அதன் பிறகு சோற்றுக் கரண்டியைக்கூட என் கையில் தரவில்லை, தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். பூ வாங்கி வந்தால் சாமி படத்துக்குக் கீழே வைப்பார், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். என்னோடு நன்றாகப் பேசுவார், சிரிப்பார், பேஜாரெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் கை மட்டும் வராது. நான் வாயால் சொன்னதை வாயால் திருப்பி எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால் என் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. பால் வந்ததை அவரிடம் சொல்லியிருந்தால், கடையில் இருக்கும் ஆள், எந்த மருந்துக்கு எந்தப் பக்கவிளைவு என்று அன்றைக்கே புரட்டிப் பார்த்திருப்பார்.

மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு வாரம் நெஞ்சில் அடுப்பு எரிந்தது. டாக்டர் சொன்னபடி நேரத்துக்குச் சாப்பிட்டேன், விரதத்தை விட்டேன். அத்தையிடம் விஷயத்தை நான் சொன்னேன். "அப்போ ஆத்தா குடுத்த பாலு இல்லியா அது?" என்றார். கேஸ் மாத்திரை கொடுத்தது என்றேன். "நல்லவேள, சாமிகிட்ட சண்டைக்குப் போவ இருந்தேன்" என்றவர், அன்றைக்கே கேப்பைக் கூழ் கரைத்துத் தூக்குவாளியில் ஊற்றி, பஸ்ஸில் குடிக்க வேண்டும் என்று என் பையில் வைத்தார். செவ்வாய்க்கிழமையா என்றுகூடப் பார்க்கவில்லை. அவரும் ஒரு கிண்ணம் குடித்தார். மூன்று வருடப் பட்டினிக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சாப்பிட்ட முதல் செவ்வாய்க்கிழமை அது.

கைக்குட்டை நனைவது மெதுவாக நின்றது. ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் இறங்கியிருந்தது. ஸ்கேன் தேவைப்படவில்லை. ஆனால் பெல் அடிக்கிறதா என்பது ரிப்போர்ட்டில் வராது. அதற்கு ஒரே சாட்சிதான் உண்டு. அதற்காக நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மூன்றாவது பாடவேளையில் அடிவயிறு பிடித்து இழுத்தது. கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன். யாரும் கொடுக்காமல், எந்த மாத்திரையும் வரவழைக்காமல், தானாக வந்திருந்தது. அங்கேயே நின்று அழுதேன். எத்தனையோ மாதம் அதைப் பார்த்து அழுதிருக்கிறேன். சந்தோஷத்தில் அழுதது அன்று ஒருநாள்தான். வெளியே வந்து அவருக்குப் போன் பண்ணினேன்.

"வந்துடுச்சுங்க" என்றேன்.

மறுமுனையில் கடைக்கு வந்திருந்த ஒருவர், "இன்னா சார், மாத்திர குடுங்க, நேரமாவுது" என்றது மட்டும் கேட்டது. "கொஞ்சம் இருங்க, வூட்டுல வந்துடுச்சாம்" என்று அவரிடம் சொன்னார் என் வீட்டுக்காரர். "இன்னா வந்துடுச்சு, கரன்ட்டா?" என்று கேட்டார் அந்த மனிதர். "ஆமாங்க" என்றார் இவர். பிறகு அவரிடம், "எத்தினி நாளா சார் இந்தக் கேஸ் மாத்திர போடறீங்க? டாக்டரப் பாத்தீங்களா?" என்று விசாரிக்கத் தொடங்கினார். போனை வைக்க மறந்துவிட்டார். நான் வேப்பமரத்தடியில் நின்று அந்த விசாரணையை முழுவதும் கேட்டேன்.

அதன் பிறகு நான்கு மாதம் ஒழுங்காக வந்தது. ஐந்தாவது மாதம் தள்ளிப்போனது. ஒன்பது நாள் ஆனதும் அவர் சாயங்காலம் ஒரு காகிதக் கவரைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் வேறொரு மெடிக்கலின் கவர். நானே எடுத்தேன். சோதனை அட்டை.

"ஏன், நம்ம கடையில இல்லியா?"

"இருக்குது."

"அப்புறம்?"

"என் கையால வேணாம் டீச்சரு. அது ராசியில்ல."

சொந்தக் கடையில் பெட்டி பெட்டியாக வைத்துக்கொண்டு, போட்டிக் கடைக்குப் போய், அவர்கள் கேலியையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வழக்கம்போல் கதவுக்கு வெளியே நின்றார், ஆனால் இந்த முறை என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. இரண்டு கோடு. நான் கதவைத் திறந்து அட்டையைக் காட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை ஓடிவந்து, யார் விழுந்தது என்று கேட்டார்.

மகள் பிறந்து இப்போது பால்வாடிக்குப் போகிறாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துத் தருபவர் யாராக இருந்தாலும் அவர்தான் அவளுக்கு உலகத்திலேயே நல்லவர். அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். நான் சொல்ல வந்தது அவள் கடுகளவு இருந்தபோது நடந்த ஒரு காலையை.

டாக்டர் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மறுநாள் ஆறு மணி. வெந்நீர் டம்ளர் திட்டில் இருந்தது, பக்கத்தில் அட்டை. அவர் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"இங்க வாங்க" என்றேன்.

வந்தார். நான் உள்ளங்கையை நீட்டினேன்.

"டீச்சரு, நீதான சொன்ன..."

"சொன்னேன். பஸ்ஸுல சொன்னது பஸ்ஸோட போச்சு. ஆனா நான் சொல்லாத ஒண்ணு இருக்குது. எனக்குப் பால் வந்துச்சுங்க. ரெண்டு வருஷமா. டாக்டர்கிட்ட இல்லன்னு சொன்னேன், உங்ககிட்ட மறைச்சேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்பீங்க. உங்க கையி மட்டும் தப்புப் பண்ணல."

"ரெண்டு வருஷமா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"சாமி குடுத்ததோன்னு ஒரு ஆச."

கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் சரிதான் என்றும் நினைத்தேன். அவர் அட்டையை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கி, பின்பக்கம் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். திருப்பி இன்னொரு முறை படித்தார். பிறகு கட்டைவிரலால் அழுத்தினார். 'டப்'. என் உள்ளங்கையில் வைத்தவர் கையை எடுக்காமல் அப்படியே மூடிப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரு, இது மாத்திரதான?"

"மாத்திரதாங்க."

"டாக்டர் கேட்டா சொல்லுவியா?"

"சொல்லுவேன்" என்றேன். கையை விடச் சொல்லி, அவர் நீட்டிய டம்ளரை வாங்கி, விழுங்கினேன்.